பதினைஞ்சு வயசில குடுத்த வாக்கு

பெப்ரவரி 10, செவ்வாய்

இரவிரவா ஸ்னோ. பஸ் பிந்தினது. சப்பாத்துக்குள்ள தண்ணி, முதல் பாடம் முழுக்க ஈரக் காலோடை. கணக்குச் சோதனை பரவாயில்லை. கடைசிக் கேள்வியை விட்டிட்டன்.

பின்னேரம் வொலிபோல் பிறக்ரிஸ். ஜிம் வாங்கில ஒரு மனுசி இருந்தா. சிவப்பு ஜக்கெற், கையில கோப்பி. ஷெர்ப்ரூக்கில இருக்கிற ஒரு கொலிஜின்ரை கோச் எண்டு மிர்லாண்ட் காதுக்குள்ள சொன்னாள். மிர்லாண்ட் எங்கட டீமிலேயே உயரமானவள், அடிக்கிற ஆள், என்ரை சிநேகிதி. (இனி மி. எண்டு எழுதுவன். பேர் நீளம்.) அவளைப் பார்க்கத்தான் மனுசி வந்திருக்கிறா எண்டு எல்லாரும் நினைச்சம். அதால எனக்குப் பயமே இல்லை. வந்த பந்தெல்லாம் விழுந்து விழுந்து எடுத்தன்.

முடிஞ்சு முழங்கால் உறை கழட்டேக்கை எங்கட கோச் மதாம் சில்வி வந்தா. "கஜானி, அவ உன்னோடை கதைக்கவேணுமாம்."

மி.யைப் பார்த்தன். அவளும் என்னைப் பார்த்தாள்.

மனுசிக்குப் பேர் கரோலின். கனக்கக் கதைக்கேல்லை. அடுத்த வருசம் நான் பள்ளிக்கூடம் முடிக்கேக்கை தன்ரை கொலிஜ் டீமில எனக்கு ஒரு இடமாம். லிபரோவா, இஞ்சை நான் விளையாடுற அதே இடம். வழமையா கடைசி வருசப் பிள்ளையளைத்தான் கேக்கிறவவாம், ஆனா என்னை இப்பவே கேக்கிறா. இந்த மாசம் முடிய முன்னம் ஓமோ இல்லையோ சொல்லவேணும். பிந்தினால் வேற ஆளைப் பார்ப்பாவாம்.

கையெழுத்து ஒண்டும் இல்லை. வாய்ச்சொல்லு மட்டும்.

நான் "மெர்சி" எண்டன். அஞ்சு வருசமாப் பிரெஞ்சு படிச்சு அவ்வளவுதான் வந்தது.

பெப்ரவரி 11, புதன்

மூக்கு உறையிற குளிர். சாப்பாட்டு நேரம் மி. கேட்டாள். எல்லாத்தையும் சொன்னன். என்ரை டப்பாவில இருந்த அம்மாவின்ரை ரோல்ஸை எடுத்துக் கடிச்சாள். அரைவாசி முடிஞ்ச பிறகு, "நான் அழமாட்டன். ஆனா கொஞ்ச நேரம் என்னோடை கதைக்காதை."

கதைக்கேல்லை. ரெண்டாவது ரோல்ஸையும் அவளுக்கே குடுத்தன்.

ரெண்டு பேரும் மொன்றியலிலேயே ஒரு கொலிஜுக்குப் போறதெண்டுதான் இவ்வளவு நாளும் கதைச்சு வைச்சிருந்தனாங்கள். ஒரே டீம், ஒரே மெட்ரோ.

பஸ்ஸில வரேக்கை தானாவே கேட்டாள். "போவியோ?"

"தெரியேல்லை."

"போகாட்டி உன்னை அடிப்பன்." சொல்லிப்போட்டு யன்னலுக்கு வெளிய பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் தமிழில எழுதினால் டீமில ஒருத்தருக்கும் விளங்காது. அம்மாவுக்கு விளங்கும், ஆனா என்ரை கையெழுத்தை அம்மா இதுவரைக்கும் ஒருக்காலும் வாசிச்சு முடிச்சதில்லை.

பெப்ரவரி 14, சனி

காலமை தலை முழுகினது. உடுப்புத் தோய்ச்சது. இங்கிலிஷ் கட்டுரை தொடங்கேல்லை.

அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். அம்மா குசினியில லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிண்டா. கிழமை முழுக்கக் கார்டறியில சின்னப் பிள்ளையளுக்குச் சமைக்கிறா, சனிக்கிழமை எங்களுக்கு. நான் சொல்லச் சொல்ல கத்தி மெதுவாப் போச்சு.

"ஷெர்ப்ரூக் எங்கை இருக்கு?"

"கார்ல ரெண்டு மணித்தியாலம் வராது."

"ஒவ்வொரு நாளும் போய் வாறதோ?"

"இல்லையம்மா. அங்கையே தங்கிறது. கொலிஜ் ரெசிடன்ஸ்."

கத்தி நிண்டுட்டுது. "பதினேழு வயசில தனியவோ?"

"தனிய இல்லை. டீம் இருக்கு."

"டீம் காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்குமோ?"

அம்மா வெட்டின லீக்ஸை ஒரு பக்கம் ஒதுக்கினா. பேந்து கேட்டா: "அங்கை சயன்ஸ் படிக்கலாமோ?" படிக்கலாம் எண்டன். "அப்பாவுக்கு நீயே சொல்லு. நான் சொன்னால் நான்தான் ஏத்திவிட்டதெண்டுவார்." திரும்ப வெட்டத் தொடங்கினா. அப்ப அம்மாவுக்கு முழுசா விருப்பமில்லை எண்டும் இல்லை. எனக்கு அது காணும்.

பெப்ரவரி 15, ஞாயிறு

அப்பாவுக்கு லீவு. பாண் பக்டரியில வேலை, சனிக்கிழமையும். அதால என்ரை மட்ச் ஒண்டும் பார்த்ததில்லை. வெல்லுறனோ தோக்கிறனோ எண்டு மட்டும் கேப்பார்.

சாப்பிட்டு முடிய எல்லாம் சொன்னன். அப்பா ரீவியை நிப்பாட்டினார். அது நல்லதோ கூடாததோ எண்டு தெரியேல்லை.

"லிபரோ எண்டால் என்ன?"

"பின்னுக்கு நிண்டு, வாற அடியை நிலத்தில விழவிடாமல் எடுக்கிற ஆள். வேற நிறச் சட்டை போட்டிருப்பம். நெற்றில போய் அடிக்கேலாது."

"அப்ப நீ புள்ளி எடுக்கிறேல்லையோ?"

"இல்லை."

"ஒரு நாளும்?"

"இல்லையப்பா."

"அப்ப உனக்கு என்ன வேலை?"

"பந்து விழாமல் பார்க்கிறது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கோப்பையளை எடுத்துக்கொண்டு எழும்பிட்டா. நான் சண்டைக்கு ஆயத்தமா இருந்தன். விளையாட்டு வேண்டாம், பொம்பிளைப் பிள்ளை, தூரம், இதுக்கெல்லாம் மறுமொழி வைச்சிருந்தன். அப்பா கேட்டது வேற.

"எனக்கு விளையாட்டும் பிரச்சினை இல்லை, தூரமும் இல்லை. வாக்குக் குடுத்தால் பேந்து மாத்தேலாது. உனக்குப் பதினைஞ்சு வயசு. அடுத்த மாசம் என்ன நிறத்தில சப்பாத்து வேணுமெண்டே உனக்குத் தெரியாது. இப்ப என்னத்துக்கு வாக்கு?"

"இப்ப சொல்லாட்டி இடம் வேற ஆளுக்குப் போயிடும்."

"உண்மையா உன்னை வேணுமெண்டால் பொறுப்பினம்."

"பொறுக்காட்டி?"

அப்பா ரிமோட்டைக் கையில எடுத்தார். ரீவியைப் போடேல்லை. கடைசியா, "அந்த மனுசியை நான் பார்க்கவேணும்."

அறைக்குள்ள வந்து கொஞ்சம் அழுதன். கோவத்தில இல்லை. அப்பா கேட்டதைத்தான் நானும் அஞ்சு நாளா என்னட்டைக் கேட்டுக்கொண்டிருந்தன்.

பெப்ரவரி 18, புதன்

தொண்டை நோ. மல்லித்தண்ணி. பிறக்ரிஸில ஒண்டும் சரிவரேல்லை.

மதாம் சில்வியிட்டைக் கேட்டன், இவ்வளவு கெதியா ஓம் சொல்லுறது பிழையோ எண்டு. "சில பிள்ளையள் கெதியாச் சொல்லிப்போட்டு நிம்மதியா விளையாடுவினம். சில பேர் சொல்லிப்போட்டுப் பயத்தில சுருங்குவினம். நீ எந்தப் பிள்ளை எண்டு எனக்குத் தெரியாது கஜானி." உதவியே இல்லை. ஆனா பொய்யும் இல்லை.

அப்பா சனிக்கிழமைக்கு வேலையில லீவு சொல்லிப்போட்டார். அவர் கடைசியா லீவு எடுத்தது அம்மாவின்ரை ஒப்பரேசனுக்கு.

பெப்ரவரி 21, சனி

ஷெர்ப்ரூக் போய் வந்தாச்சு. களைப்பு, ஆனா எழுதாட்டி மறந்திடும்.

பாலம் தாண்டினாப் பிறகு ரெண்டு பக்கமும் வெள்ளை, வெயில், கண் கூசினது. அம்மா வழி முழுக்க ரோல்ஸ் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு வந்தா. ஆருக்கு எண்டு கேட்டன். "வெறுங்கையோடை போறதோ?"

முதல் ரெசிடன்ஸ் பார்த்தது. லோரி எண்ட விளையாட்டுக்காரி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். இப்பத்தைய லிபரோ அவள்தான், என்னளவு உயரம், சிரிக்கேக்கை கண் மூடிப்போகும். அம்மா நேர குசினிக்குப் போய், கேக்காமல் பிரிட்ஜைத் திறந்தா. உள்ளுக்கு முட்டையும் கெச்சப்பும்.

"இதுகள் என்னத்தைச் சாப்பிட்டு உப்பிடி வளர்ந்ததுகள்?" என்னட்டைத் தமிழில. அம்மா என்ன சொல்லுறா எண்டு லோரி கேட்டாள். குசினி துப்பரவா இருக்காம் எண்டு மொழிபெயர்த்தன்.

பேந்து மட்ச். அப்பா தன்ரை வாழ்க்கையில முதல் தரம் பொம்பிளைப் பிள்ளையளின்ரை வொலிபோல் பார்க்கிறார். முதல் செற்றில கை கட்டிக்கொண்டு இருந்தார். ரெண்டாவதில முன்னுக்குக் குனிஞ்சிட்டார்.

"ஏன் இப்பிடிக் கத்துதுகள்?" அம்மா.

"பந்து தனக்கெண்டு சொல்லவேணும். இல்லாட்டி ரெண்டு பேர் மோதுவினம்."

லோரி ஒரு பந்தை வாங்குக்குக் கிட்ட ஓடிப்போய் ஒற்றைக் கையால எடுத்தாள். அப்பா எனக்குப் பக்கத்தில மெல்லமா, "எடுத்துப்போட்டாள்." அவளுக்கு விழுந்த கைதட்டலில அப்பாவின்ரையும் இருந்தது.

முடிய கரோலின் எங்களோடை வந்து இருந்தா. அப்பாவின்ரை பிரெஞ்சு பக்டரிப் பிரெஞ்சு. எனக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சன். இருக்கேல்லை.

"இவள் விழுந்து காயப்பட்டால்?"

"இடம் இருக்கும். காயம் மாறும் வரைக்கும் வாங்கில எங்களோடை இருப்பாள்."

"நீங்கள் வேற இடத்துக்குப் போனால்?"

கரோலின் அப்பாவின்ரை பக்கம் திரும்பி இருந்தா. "போற யோசினை இல்லை. ஆனா போனால், எனக்குப் பிறகு வாற ஆளுக்காக நான் வாக்குத் தரேலாது. என்ரை வாக்கு என்ரை மட்டும்தான்."

"இவள் பேந்து மனம் மாறினால்?"

"இவளே எனக்குப் போன் எடுத்துச் சொல்லவேணும். நீங்கள் இல்லை, மிஸ்யூ. இவள்."

அப்பா தலையாட்டினார். ரோல்ஸ் பெட்டியை அம்மா நீட்டினா. கரோலின் ஒண்டு எடுத்தா, உறைப்பில கண் கலங்கினது, இன்னொண்டும் எடுத்தா.

திரும்பி வரேக்கை அம்மா நித்திரை. அப்பா றோட்டைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது கேள்விக்கு அந்த மனுசி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை."

"அப்ப நான் ஓம் சொல்லட்டோ?"

"என்னட்டைக் கேக்காதை பிள்ளை. நான் ஓம் எண்டு சொல்லி நீ போனால், பிடிக்காட்டி என்னைத் திட்டுவாய்."

பெப்ரவரி 24, செவ்வாய்

சொல்லிப்போட்டன்.

அம்மாவின்ரை அறைக்குள்ள போய், கதவைச் சாத்திப்போட்டு, கட்டில் விளிம்பில இருந்துகொண்டு கரோலினுக்குப் போன் எடுத்தன். என்ன சொல்லுறதெண்டு பிரெஞ்சில வடிவா யோசிச்சு வைச்சிருந்தனான். கரோலின் "அலோ" எண்டவுடனை வாயில வந்தது "ஓம்." தமிழில. பேந்துதான் "வுய்." அவ சிரிச்சிட்டா. நானும்.

மிச்சம் நாலு வரியில முடிஞ்சுது. வெளிய வர அப்பா வேலைக்கு வெளிக்கிட்டு நிக்கிறார்.

"சொல்லிப்போட்டியோ?"

"சொல்லிப்போட்டன்."

"சரி. இனி வடிவாச் சாப்பிடு."

ஏன் ஓம் சொன்னன்? சனிக்கிழமை லோரி அந்தப் பந்தை எடுக்கேக்கை என்ரை கால் தானா அசைஞ்சது. வாங்கில இருந்தபடியே. வேற காரணம் யோசிச்சுப் பார்த்தன், இதைவிடப் பெரிசா ஒண்டும் வரேல்லை.

கர்க்லாண்டில இருக்கிற பெரியம்மா போன். அம்மா ஸ்பீக்கரில போட்டிட்டுப் பாத்திரம் கழுவினா. "விளையாடவோ கொலிஜுக்கு அனுப்புறாய்?" அம்மா: "படிக்கவும்தான் அக்கா. ரெண்டும். கோச் தானே வந்து கேட்டவ." அந்த "தானே வந்து" எண்டதை அம்மா ரெண்டு தரம் சொன்னா.

பெப்ரவரி 28, சனி

வலது கையால எழுதுறன். இடது கை மாக்கட்டுக்குள்ள.

ரூர்ணமென்ற். மூண்டாவது மட்ச். நடுவில வந்த பந்து, என்ரை பந்து, கத்தினனான். புதுசா வந்த பிள்ளைக்குக் கேக்கேல்லை. ரெண்டு பேரும் பாய்ஞ்சம். அவள் என்ரை கைக்கு மேல விழுந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பிள்ளை என்னைவிடக் கூட அழுதுது, பாவம்.

இமேஜன்சியில மி. என்னோடையே இருந்தாள், ஜேர்சியோடை, குளிரக் குளிர. மணிக்கட்டு எலும்பு வெடிப்பு. ஒப்பரேசன் தேவையில்லை. சீசன் முடிஞ்சுது.

ஓம் சொல்லி ஒரு கிழமையும் ஆகேல்லை.

மார்ச் 1, ஞாயிறு

அம்மா சோறு குழைச்சுத் தந்தா. வலது கை இருக்குத்தானே எண்டன். "வாயைத் திற."

பேந்து மெல்லமா, "இப்ப அந்தக் கோச்சுக்குச் சொல்லவேண்டாம் பிள்ளை. நோ மாறின பிறகு ஆருக்குத் தெரியப்போகுது? அடுத்த வருசம்தானே போறது."

நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தன். அம்மா சத்தமாச் சொன்ன பிறகு பிழையாக் கேட்டுது. பதினொரு மணிபோல கரோலினுக்கு எடுத்தன். போன் தூக்கேல்லை. மெசேஜ் விட்டன்: கை உடைஞ்சிட்டுது, மன்னிக்கவேணும். ஏன் மன்னிப்புக் கேட்டன் எண்டு தெரியேல்லை. வாக்குக் குடுத்த ஆள் முழுசா இருக்கவேணுமெண்ட மாதிரி.

அம்மா: "அவசரப்பட்டிட்டாய்."

மார்ச் 3, செவ்வாய்

மறுமொழி இல்லை. நேற்றும் இல்லை.

மி. போனைப் பறிச்சு வைச்சாள், நான் நெடுகப் பார்க்கிறன் எண்டு. மத்தியானம் திருப்பித் தந்தாள். ஒண்டும் இல்லை.

அப்பா கேக்கேல்லை. ஆனா வேலையில இருந்து பிறேக்கில ரெண்டு தரம் எடுத்தவர். பால் வாங்கவேணுமோ எண்டு கேக்க. பால் இருக்கெண்டு அவருக்குத் தெரியும்.

உயிரியல் வீட்டுவேலை. தவளையின்ரை குருதிச் சுற்றோட்டம். மூண்டு தரம் ஒரே பந்தியை வாசிச்சன்.

மார்ச் 4, புதன்

கரோலின் எடுத்தவ.

டீமோடை வெளியில மட்சுக்குப் போயிருந்தவவாம், பெட்டி தூக்கேக்கை போனை பஸ்ஸில விட்டிட்டாவாம். நம்பிறன். குரல் கரகரத்துப்போய் இருந்தது.

"எந்தக் கை?"

"இடது."

"எழுதிறது?"

"வலது."

"நல்லது. அப்ப படிக்காமல் இருக்கச் சாட்டு இல்லை."

சிரிச்சிட்டன். ஆனா அவ முடிக்கேல்லை. க்யூபெக் சிற்றியில இன்னொரு பிள்ளையைப் பார்த்தவவாம். அவளும் லிபரோ. அவளையும் கேக்கப்போறாவாம். "உன்ரை கை உடைய முதலே யோசிச்சது. வேற ஆரோ சொல்லி நீ இதைக் கேள்விப்படக்கூடாது."

"அப்ப என்ரை இடம்?"

"டீமில உன்ரை இடம் உனக்குத்தான். மட்சில ஆர் இறங்கிறதெண்டு நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கிறேல்லை, கஜானி. லோரிக்கும் குடுக்கேல்லை."

வைச்ச பிறகு கொஞ்ச நேரம் சரியான கோவம். பேந்து அந்தப் பிள்ளை எவ்வளவு உயரம் எண்டு யோசிச்சன். பேந்து பசிச்சுது. நாலு நாளைக்குப் பிறகு முதல் தரம் நல்லாப் பசிச்சுது.

அப்பாவிட்டைச் சொன்னன். ஒழுங்காக் கேட்டிட்டு, "மற்றப் பிள்ளையும் நல்லா விளையாடுறவளோ?"

"நல்லாத்தான் இருப்பாள். இல்லாட்டிக் கேப்பாவோ."

"அப்ப உனக்கு வேலை இருக்கு."

கை மாக்கட்டில, ஆனா கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. சுவரில முதுகை வைச்சுக் குந்தி இருந்தன், தொடை நடுங்கும் வரைக்கும். அம்மா தும்புத்தடியோடை வந்து என்னைச் சுத்திக் கூட்டினா.

மார்ச் 20, வெள்ளி

மி.க்கும் அடுத்த வருசத்துக்கு இடம் கிடைச்சிட்டுது. மொன்றியல் கொலிஜ், நாங்கள் கதைச்சு வைச்ச அதே கொலிஜ். ஓடி வந்து சொல்லேக்கை பாதி அவள் வீட்டில கதைக்கிற கிரியோல், பாதி பிரெஞ்சு.

அப்ப நாங்கள் எதிர் டீம். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில உறைச்சது.

"உனக்குத்தான் அடிப்பன். ஒவ்வொரு பந்தும்" எண்டாள்.

"அடி. எடுப்பன்."

சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்தது. பேந்து பஸ் வரும் வரைக்கும் அவளின்ரை கை என்ரை ஜக்கெற் பொக்கெற்றுக்குள்ள.

ஸ்னோ கரையத் தொடங்கிட்டுது. றோட்டோரம் எல்லாம் கறுப்புச் சேறு.

ஏப்ரல் 18, சனி

போன கிழமை கட்டுக் கழட்டியாச்சு. கை மெலிஞ்சு, வேற ஆரின்ரையோ கை மாதிரி. டொக்டர் மெதுவாத் தொடங்கலாம் எண்டவர்.

மி.க்கு வேலை, அப்பா பக்டரி. பந்தை எடுத்துக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போய்ச் சுவரில அடிப்பம் எண்டு இறங்கினன். அம்மா குப்பை போட வந்தா. கொஞ்ச நேரம் நிண்டு பார்த்திட்டு, குப்பைப் பையை வைச்சிட்டு, "தா. நான் எறியிறன்."

அம்மா எறிஞ்சது ரெண்டு கையாலும், வயித்தில இருந்து, அண்டாத் தண்ணி ஊத்திற மாதிரி. முதல் பந்து எனக்குக் கிட்டவும் வரேல்லை. ரெண்டாவது வந்தது. கையில பட்டவுடனை முழங்கை வரைக்கும் சுள்ளெண்டு ஏறிச்சு. பந்து கோணலாப் போய் ஆரின்ரையோ காருக்குக் கீழ. அம்மா குனிஞ்சு, சீலை இல்லை, ஜீன்ஸ்தான், முழங்கால் சேத்தில பட எடுத்துக்கொண்டு வந்தா.

"நோகுதோ?"

"நோகுது."

"அப்ப காணுமோ இண்டைக்கு, நிப்பாட்டுவமோ?"

"இல்லையம்மா. கொஞ்சம் தள்ளி நிண்டு எறியுங்கோ."